சுகமான ஆள்

வியாதியும் எனக்குத்தான், வாயும் எனக்குத்தான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், என் உடம்பே என் நரம்புகளின் உறையை அரித்துத் தின்கிறது. ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், இப்போது சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அதைத் தள்ளும் அக்காவை விரட்டுகிறேன்.

"லெஃப்ட்ல ஒடிச்சுத் திருப்பு! மெதுவா! கண்ண எங்க வச்சிருக்க?"

அவள் எதிர்த்துப் பேச மாட்டாள்.

எங்களைப் போன்றவர்களுக்கு வரும் மனச்சோர்வும் பதற்றமும் ரத்தத்தில் ஏதாவது தடயம் விடுகிறதா என்று ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிறார்கள். எனக்கும் அந்தச் சோர்வு உண்டு, ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க, அதே குடும்பத்தில் சுகமான ஓர் ஆள் வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"எங்க அக்கா இருக்காளே, குத்துக்கல்லு மாதிரி. தும்மல்கூட வராது."

அக்கா சிரித்தாள்.

இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். பிறகு கேள்விகள். அக்காவின் முறை வந்தபோது டாக்டரம்மா என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

"எங்களுக்குள்ள என்னங்க ரகசியம்?" நான் நகரவில்லை.

"இருக்கட்டும்," என்றாள் அக்கா.

"நல்லா தூங்குறீங்களாம்மா?"

"இவன் தூங்குனா தூங்குவேன்."

"அடேங்கப்பா, இவ விடுற குறட்டைல எனக்கெங்க தூக்கம்!" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"பயம், படபடப்பு?"

அக்கா முந்தானை நுனியைத் திருகினாள். "இவன் கூப்பிடலன்னா பயமா இருக்கு. கூப்பிட்டா அதவிட பயமா இருக்கு. பாத்ரூம்ல குழாயத் தொறந்துவிட்டுட்டு அழுவேன். இவனுக்குக் கேக்கக் கூடாதுல்ல."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இவங்கள சுகமான ஆளா எடுத்துக்க முடியாது. இவங்களுக்கே வைத்தியம் பாக்கணும். கொஞ்ச நாள் உங்களப் பாத்துக்க வேற ஆள் வைங்க."

"ரத்தத்துல தெரிஞ்சிருச்சா?" என்றேன்.

"ரிசல்ட்டே இன்னும் வரல. வந்தாலும் ரத்தத்த மட்டும் வச்சு இதச் சொல்ல முடியாது. கேட்டாதான் தெரியும்."

இத்தனை வருஷம் பக்கத்திலேயே கிடந்தேன். ஓயாத இந்த வாயில் அந்த ஒரு கேள்வி வரவில்லை. பாவி நான்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தியம் பார்த்துக்கொள்ள என் உத்தரவுக்குக் காத்திருக்கிறாள் என்பது புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"வைத்தியம் பாத்துக்கக்கா," என்றேன்.

வாசலுக்கு வந்ததும் வழக்கம்போல் நாற்காலியை நிறுத்தினாள். "எந்தப் பக்கம்டா?"

"நீ சொல்லு. உனக்கு எங்க போகணும்?"

நாற்காலி இடது பக்கம் கொஞ்சம் திரும்பியது, பிறகு வலது பக்கம்; மறுபடி நின்றது.

"தெரியலையேடா," என்றாள்.