சேர்ந்து வாழ ஓர் உத்தரவு

ஜெயப்பிரியா கேஸ் ஜெயித்துவிட்டாள். பிரிந்துபோன புருஷன் ரஞ்சித்குமார் அவளோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று செங்கல்பட்டு கோர்ட் உத்தரவு போட்டது. ஒரு வாய்தாவுக்கும் அவன் வரவில்லை.

"எப்ப மேடம் கூட்டியாருவாங்க?" என்று வக்கீல் ஹெலனிடம் கேட்டாள்.

"யாரும் கூட்டியார மாட்டாங்க. வரலேன்னா அவர் சொத்தை ஜப்தி பண்ணலாம். ஆளை ஜப்தி பண்ண முடியாதும்மா."

"அப்ப இந்த பேப்பர் இன்னாத்துக்கு? வடை மடிக்கவா?"

"கத்தாத. ஜட்ஜ் காதுல விழும்."

"விழட்டும்."

வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. அப்பாவின் பட்டா, அத்தையின் பென்ஷன், எல்லாமே அவள் மனு எழுதி வாங்கியவை. புருஷனையும் அப்படித்தான் கேட்டிருந்தாள். கூடுவாஞ்சேரி வீட்டில் அவன் பல் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவான். அந்தச் சத்தம் இல்லாமல் பதினாறு மாதமாக வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள்.

அன்றே அவன் வேலை பார்க்கும் செய்யூருக்கு பஸ் ஏறினாள். சவுக்குக் கட்டை ஏற்றிய லாரிக்கு அவன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா, போலீஸ் இல்லாம வந்துகீற?"

"போலீஸ் வராதாம். நீயா வரணுமாம்."

"தெரியும். ஆர்டர் வந்தப்புறம் சேராம ஒரு வருசம் போச்சுன்னா, அதை வெச்சே டைவர்ஸ் கேக்கலாமாமே. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரு சொன்னாரு. அதான் கோர்ட்டு பக்கமே வரல."

"கேடி!"

"நான் கேடியா? வூட்ல உக்காந்துகினு நோட்டீஸ் வுட்டது யாரு? ஒரு போன் பண்ணியா நீ?"

"பண்ணியிருந்தா வந்திருப்பியா?"

அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "அப்ப வந்திருப்பேன்."

ஜெயப்பிரியா யாரிடமும் கெஞ்சிப் பழகியவள் இல்லை. உத்தரவைப் பைக்குள் திணித்தாள்.

"கோர்ட்ட வுடு. நான் கேக்கறேன். வூட்டுக்கு வா, ரஞ்சித்து."

லாரி டிரைவர் இருமிவிட்டு அந்தப் பக்கம் போனார்.

"வேணாம் பிரியா."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். சண்டை போட்டால் ஏதாவது வழி கிடைத்திருக்கும். அவன் காலரில் ஒரு சவுக்கு இலை ஊசிபோலக் குத்திக்கொண்டிருந்தது. எடுத்துவிடக் கை போயிற்று. அவன் ஓர் எட்டு பின்னால் நகர்ந்தான்.

"காலர்ல சவுக்கு ஒட்டிகினு கீது," என்றாள்.

அவன் தானே தட்டிவிட்டுக்கொண்டான்.