பால் வேன்காரரிடம் சொல்ல வேண்டியது

அக்காவுக்கு லாரி என்றால்தான் பயம். கொண்டை ஊசி வளைவு, ஈரச் சாலை, துரத்துகிற நாய் எதற்கும் அசரமாட்டாள். முன்னால் ஒரு லாரி போனால் மட்டும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மலை முழுக்கப் புகை குடித்தபடி வருவாள். மருத்துவமனை லேபில் இருபது வருஷமாக ரத்தம் எடுப்பவள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த கையோடு, ஐம்பது வயதில், மோட்டார் சைக்கிள் வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: வெளியூர்ப் பயணம் என்றால் தம்பி கூட இருக்க வேண்டும்.

லாரிப் பயத்துக்கு நான் ஒரு வைத்தியம் வைத்திருந்தேன். எங்கள் இரண்டு ஹெல்மெட்டிலும் பேசுகிற கருவி உண்டு. நான் முதலில் லாரியைத் தாண்டிப் போய், எதிரே வண்டி இல்லை என்று பார்த்து "வா" என்பேன். அவள் உடனே வந்துவிட வேண்டும். எங்கள் ரைடர் கூட்டத்தில் எல்லோரும் செய்வதுதான் இது. ஆனால் அவர்கள் குரலையும் கேட்பார்கள், கண்ணாலும் பார்ப்பார்கள். அக்கா பார்க்க ஆரம்பித்தால் தயங்குகிறாள் என்பதால், "கண்ணால பாக்காதக்கா, காதால வா" என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லிவைத்திருந்தேன்.

இன்று காலை மலையடிவாரத்தில் கிளம்பும்போது அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஹெல்மெட்டுக்குள் ஓயாத பேச்சு.

"டேய், உன் முதுகு அகலத்துக்கு எனக்கு மலையே தெரியலடா."

"வேணும்னா நீ முன்னாடி போ."

"ஐயோ வேண்டாம்பா. முதுகே போதும்."

எனக்கோ வேறு அவசரம். உச்சியில் மேகம் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் சிகரம் தெரியும். நண்பர்களுக்குப் படம் அனுப்பி அவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதாகத் திட்டம். நடுவழியில் மரம் ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் ஒரே திருகில் தாண்டிவிட்டேன். அவள் பின்னாலேயே மாட்டிக்கொண்டாள்.

"வரட்டுமாடா?"

"இரு, வளைவு."

"இப்ப?"

"இருன்னு சொல்றேன்ல."

மூன்று வளைவு இப்படிப் போனது. மேகம் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. நான் மெதுவாகவும் போகவில்லை. லாரி எவ்வளவு பின்னால் வருகிறது என்று கண்ணாடியில் பார்க்கவும் இல்லை. எதிரே ஒரு பால் வேன் வந்தது. ஓட்டுகிறவருக்கு மரியாதையாகக் கைகூடக் காட்டினேன். அது என்னைத் தாண்டி வளைவில் மறைந்தது.

"வரட்டுமாடா?"

"வா வா, காலிதான்" என்றேன்.

என் முன்னால் காலிதான். அதில் பொய் இல்லை. அவளை நோக்கி ஒரு வேனை இப்போதுதான் அனுப்பிவைத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஹெல்மெட்டுக்குள் "அம்மா" என்று ஒரு குரல் கேட்டது. அப்புறம் இரும்பு தார்ச்சாலையில் தேய்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினேன்.

வண்டி மலையை ஒட்டிய வாய்க்காலில் கிடந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். மறுபக்கம் பள்ளம். அந்தப் பக்கம் ஒடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க முடியவில்லை. ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். முழங்கையில் சிராய்ப்பு, முட்டியில் வீக்கம். தானே அழுத்திப் பார்த்து, "எலும்பு இல்ல" என்றாள். லேபில் சொல்வதுபோலவே சொன்னாள்.

பால் வேன்காரர் நடுங்கிப்போயிருந்தார். நடுங்கினவருக்குக் கோபம்தான் வந்தது.

"கண்ணு எங்கம்மா இருந்துச்சு? வளைவுல வந்து மோதப் பாக்கறீங்களே, எனக்கு மட்டும் பிள்ளைகுட்டி இல்லையா?"

அக்கா உட்கார்ந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்குங்க. என் தப்புதான். தம்பி சரியாத்தான் சொன்னான், நான் கியர் மாத்தறதுல தடுமாறி லேட்டா வந்துட்டேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டடி தூரம். சொல்லலாம் என்று வாய் திறந்தேன். "தண்ணி இருக்கா?" என்று கேட்டேன்.

வேன்காரர் தன் பாட்டிலையே கொடுத்தார். திட்டிக்கொண்டே வண்டியைத் தூக்கவும் கைகொடுத்தார். பால் கெட்டுவிடும் என்று கிளம்பிப் போனார். அக்காவின் வண்டியை ஒரு பிக்கப்பில் ஏற்றி, மேலே இருந்த சின்ன ஊரின் மெக்கானிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம்.

தகரக் கூரை, எண்ணெய் ஊறிய மண் தரை, டப்பா டப்பாவாக போல்ட்டு. உட்கார ஒரு பழைய கார் சீட்டு. மெக்கானிக் வாய் ஓயாத ஆள். வளைந்த ஹேண்டில்பாரைக் குழாய் கொடுத்து நிமிர்த்திக்கொண்டே, "வண்டி புதுசாட்டம் இருக்கு. விக்கற ஐடியா வந்தா என் மச்சினன் தயாரா இருக்கான்" என்றார்.

வழக்கமான அக்கா என்றால், உங்க மச்சினனுக்கு லைசென்ஸ் இருக்கா என்று கேட்டிருப்பாள். இப்போது வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க, சுத்தமாக இருந்த என் வண்டியை மறுபடி துடைத்தேன். மனசுக்குள் சப்பைக்கட்டு ஓடிக்கொண்டிருந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். அவளே தன் தப்பு என்கிறாள், நாம் ஏன் குட்டையைக் குழப்ப வேண்டும்? இவ்வளவு கேவலமாக எனக்கு யோசிக்க வரும் என்று இதுவரை எனக்கே தெரியாது.

அக்கா போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். விழுந்ததைச் சொன்னாள். மாமா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"போனது போகட்டும், நீ முழுசா இருக்கல்ல? பஸ்ல வந்துடு. வண்டிய அவன் பாத்துப்பான்" என்றது ஸ்பீக்கர்.

"வண்டிய இங்கயே குடுத்துடலாம்னு பாக்கறேங்க. ஒருத்தர் கேக்கறார்." அவள் குரல் பிசிறியது. "நீங்க அப்பவே சொன்னீங்க. எனக்கு இது வராதுங்க. வயசாயிடுச்சு. அவன் கரெக்டா சொல்லியும் எனக்கு உடம்பு கேக்கல."

அழுதாள். அம்மா போனபோதுகூட எல்லா வேலையையும் முடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள். இப்போது யாரோ ஒருவரின் கொட்டகையில், ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்க அழுதாள்.

"மாமா, அவ மேல தப்பே இல்ல" என்றேன். "வேன் வர்றது எனக்குத் தெரியும். தெரிஞ்சே காலின்னு சொன்னேன்."

அக்கா போனை சீட்டின் மேல் வைத்தாள். லைன் அறுபடவில்லை.

"வேன் உன்னத் தாண்டித்தான் வந்துச்சா?"

"ஆமா."

"நல்லாப் பாத்தியா?"

"கை காட்டினேன்க்கா."

"அப்புறம் ஏன் வான்ன?"

"மேகம் மூடிடும்னு... எரிச்சல்ல வந்துடுச்சு."

அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் தேவலை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"வாய் தவறி வந்தது தப்புதான். அது யாருக்கும் வரும்டா. நான் அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிட்டேனே, அப்ப நீ பக்கத்துலதான நின்ன? வாய்க்குப் பூட்டா போட்டிருந்துச்சு?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே இறுகியிருந்த போல்ட்டை மறுபடி இறுக்கினார்.

அக்கா போனை எடுத்தாள். "ஏங்க, வண்டி குடுக்கல. நான் ஓட்டிட்டு வர்றேன்." மெக்கானிக்கிடம் திரும்பினாள். "அந்தப் பால் வேன் எங்க போகும்?"

"பால் கூட்டுறவு சங்கம்மா. கீழ, பாலத்துக்கு முன்னாடி."

"போய் அவர்கிட்ட யார் தப்புன்னு சொல்லிட்டு வா" என்றாள் என்னிடம். "நான் மேல போறேன்."

"தனியாவா? முட்டி வீங்கியிருக்கே—"

"எனக்குக் கண்ணு இருக்கு."

அவள் மேலே போனாள், நான் கீழே இறங்கினேன். வழியில் அந்த வாய்க்காலைக் கடக்கும்போது பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

சங்கத்தின் பின்பக்கம் வேன்காரர் பால் கேன்களைக் கவிழ்த்துவைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ரப்பர் குழாயைக் கீழே போட்டார்.

"அந்தம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்லங்க, நல்லா இருக்காங்க. தப்பு அவங்களது இல்ல, என்னோடதுன்னு சொல்ல வந்தேன்." நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

அவர் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "எனக்குக் கை காட்டினது நீங்கதானா?"

"ஆமாங்க."

சிமெண்டுத் தரையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கிடந்த குழாயைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"வண்டியோட்டத்துல எல்லாம் நடக்கறதுதான். நான் திட்டறப்பவே சொல்லியிருக்கலாம்ல? பாவம், அந்தம்மா எவ்வளவு கூசிப்போய்க் கும்பிட்டாங்க." அப்புறம் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா பரவாயில்ல, மனசு கேக்காம இவ்வளவு தூரம் இறங்கி வந்தீங்க பாருங்க, அதுவே பெரிசு."

தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அவர் குலுக்குவதற்குக் கையைக்கூட நீட்டிவிட்டார்.

"நானா வரலங்க" என்றேன். "அக்கா அனுப்பினாங்க."

நீட்டிய கையை அவர் மெதுவாக இறக்கிக்கொண்டார். குனிந்து குழாயை எடுத்து, அடுத்த கேனைக் கழுவ ஆரம்பித்தார்.