கொக்குகள் புகுந்த வெள்ளை

ஓய்வுபெற்ற தபால்காரரின் வீட்டு முன்சுவருக்குள் மூன்று கொக்குகள் பறந்து போய்விட்டன. வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அதைக் கண்ணால் பார்த்தார். கொக்குகள் தெருவில் தாழப் பறந்து வந்தன, சுவருக்குள் நுழைந்தன, சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகி மறைந்தன. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு நேராகப் பெயிண்ட் கடைக்குப் போய், தான் கேட்டது வெள்ளை என்று முறையிட்டார்.

அந்தக் கடையில் வண்ணம் கலப்பவளைக் கலரக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பழைய சுவரிலிருந்து நகத்தளவு பெயர்த்துக் கொண்டுவந்து கொடுத்தால் போதும், கண்பார்வையிலேயே அதே நிறத்தை வாளியில் கொண்டுவந்துவிடுவாள். வெள்ளை பளிச்சென்று எடுக்க ஒரு சொட்டு நீலம் விடுவது தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சில வருஷங்களாக எந்த வெள்ளையைப் பார்த்தாலும் அவளுக்கு டீக்கறை மாதிரி தெரிந்தது. கம்பெனிக்காரன் சரக்கைக் கெடுத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே இன்னொரு சொட்டு விட்டாள், அப்புறம் ஒரு கரண்டி, அப்புறம் கைக்கு வந்த மட்டும். வெள்ளை கேட்ட வீடுகள் மெல்ல மெல்ல வானமாயின. மத்தியானங்களில் அவற்றில் மேகம் நகர்ந்தது. கலரக்காவின் கண்ணைச் சந்தேகப்பட யாருக்கும் மனசு வரவில்லை. சிலர் தங்கள் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார்கள். சுவரில் சாய்ந்து பேசுவதை மட்டும் எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள்.

கொக்கு விவகாரத்துக்குப் பிறகு முதலாளியால் சும்மா இருக்க முடியவில்லை. கலவை மிஷின் வாங்கப் போவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உன்னை அனுப்பிடுவேன்னு நினைக்காதம்மா. ஃபேனுக்குக் கீழ உக்காந்து பில் போடு." அதற்குப் பதில் வேலையை விட்டே நீக்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் தையல்கடை வைத்திருந்த தங்கச்சி. வெள்ளை ரவிக்கையைக் காட்டி, சந்தன நிறம் நல்லாயிருக்கு என்று அக்கா சொன்னதும், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே டாக்டரம்மா நிதானமாக விளக்கினாள். இது கண்ணின் மேல் வளரும் சவ்வு இல்லை, உள்ளே இருக்கும் லென்ஸே வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல மங்கி, பழுப்பும் ஏறிவிட்டது, அதுதான் கண்புரை. ஓரத்தில் சின்னதாகக் கீறி, ஒலி அலையால் அதை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே உறைக்குள் புது லென்ஸை மடித்து வைத்தால் அது தானே விரிந்துகொள்ளும். பெரும்பாலும் தையல் கூடத் தேவைப்படாது. புரை முற்றட்டும் என்று காத்திருந்ததெல்லாம் அந்தக் காலம், முற்ற முற்ற எடுப்பதுதான் கஷ்டம்.

கலரக்காவின் பயம் வேறு. "புதுசு வெச்சா, அதுல தெரியற வெள்ளை என் வெள்ளையா இருக்குமா?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். "உங்களோடதுதான். நீங்க மறந்துபோன வெள்ளை."

முதலில் வலது கண். சொட்டு மருந்தில் கண் மரத்துப்போயிருந்ததால் வலி இல்லை. தலைக்கு மேல் விளக்கு சிவப்பும் ஊதாவுமாகக் கரைந்து சுழன்றது. யாரோ நன்றாகக் கலக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் கண்மூடியை எடுத்ததும் டாக்டரம்மாவின் கோட்டுதான் முதலில் தெரிந்தது. புதுக்கண்ணை மூடினால் டீக்கறை, பழைய கண்ணை மூடினால் வெள்ளை. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பி வரும் வழியில் தபால்காரர் வீட்டைக் கண்டதும் சிரிப்பு நின்றுபோனது. சுவரின் ஆழத்தில் மூன்று புள்ளிகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

"இவ்வளவும் நான் பண்ணதா?"

"பின்ன நானா?" என்றாள் கூட வந்த தங்கச்சி. "நடக்கா, சொட்டு விடற நேரமாச்சு."

அன்றே வாளியைத் தூக்கக் கை துடித்தது. தங்கச்சி விடவில்லை. கண்ணைக் கசக்கக் கூடாது, முகத்தில் தண்ணீர் படக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தூசி ஆகாது, தூங்கும்போது கண்மூடி கட்டாயம். கொக்குகள் காத்திருக்கட்டும் என்றாள். கலரக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டிலிருந்த வெள்ளைகளை எல்லாம் ஜன்னலோரம் வரிசையாக வைத்தாள். உப்பு, அரிசி, சாக்பீஸ், முட்டை ஓடு, தங்கச்சியின் நூல்கண்டு. ஒன்று போல் ஒன்று இல்லை. உப்பில் சாம்பல் ஓடியது, முட்டையில் ரோஜா ஒளிந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தாள், திட்டு வாங்கினாள், மறுபடியும் பார்த்தாள்.

டாக்டரம்மா அனுமதித்த நாளில் கடைக்குப் போய் ஒரு வாளி வெள்ளை கலந்தாள். ஒரே ஒரு சொட்டு நீலம். தபால்காரர் வீட்டில் பெயிண்டர் முதல் பூச்சை இழுத்ததும் ரோலருக்குக் கீழே ஓர் அலகு நீட்டியது, பின்னால் கழுத்து, அப்புறம் இறக்கை. ஒவ்வொன்றாக வெளியே வந்து, ஈரப் பெயிண்டை உதறி, வீட்டுக்கூரைக்கு மேல் ஏறின. போனது மூன்று, வந்தது நான்கு. மற்ற வீட்டுக்காரர்கள் அங்கேயே நின்று தங்களுக்கும் வெள்ளை சொல்லிவைத்தார்கள். மிஷின் விற்க வந்தவருக்கு முதலாளி காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு தபால்காரர் மட்டும் மறுபடி கடைக்கு வந்து ஓரமாக நின்றார். "பின்பக்கச் சுவர் ஒண்ணு சும்மாதான் இருக்கு. பழைய மாதிரியே கலந்து தருவியாம்மா? வீடு வெறிச்சுனு இருக்கு."

இடது கண்ணுக்கு ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் கலரக்கா புதுக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, பழைய கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் வரை நீலம் ஊற்றிக் கடைசி வாளியைக் கலந்தாள். அதன் பிறகு அந்த நிறம் அவளுக்கு வரவே இல்லை. அவளும் அதைத் தேடவில்லை.

அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது. மழை வருவதற்குச் சற்று முன்னால் முதலில் அதில்தான் மேகம் கூடும். அதைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் காயப்போட்ட துணியை எடுக்கிறார்கள்.