அது தாயோட துடிப்பு

பிரசவ அறையில் நர்சிங் மாணவிக்கு நாற்காலி கிடையாது. கூப்பிட்டால் ஓடணும், கூப்பிடாவிட்டால் சுவரோடு சுவராக நிற்கணும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். மிதித்ததற்குக் கிடைத்த மரியாதை இது.

அன்று காலை அங்கே வந்து படுத்திருந்த ஒரு அக்காவுக்குத் தலைப்பிரசவம். அவள் வயிற்றில் பட்டை கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டும் மெஷினை சிஸ்டர் மாட்டிவிட்டிருந்தார். சத்தம் சீராக வந்தது. "பிள்ளை ஜோரா இருக்கு" என்று டீயை உறிஞ்சினார். நான் தேறிவிட்டேன் என்று இவர் சொன்னால்தான் இந்த வார்டில் என் பயிற்சி முடியும்.

வலி வந்தபோது அக்கா என் கையைப் பிடித்தாள். என் விரல் அவள் மணிக்கட்டில் பட்டது. அவள் நாடியும் மெஷின் சத்தமும் ஒன்றாகவே அடித்தன. வலி ஏற ஏற, இரண்டும் சேர்ந்தே வேகம் பிடித்தன. குழந்தையின் துடிப்பு தாயின் நாடியோடு இப்படிச் சேர்ந்து அடிக்காது.

"சிஸ்டர், இது தாயோட துடிப்பு. குழந்தையோடது இல்ல."

"நேத்து வந்தவ நீ. எனக்குப் பாடம் நடத்துறியா?"

"பட்டையை நகர்த்திப் பாருங்க சிஸ்டர்."

"வாயை மூடிட்டு நில்லு."

கூடப் படிக்கிறவள் என் முழங்கையைக் கிள்ளினாள். "ஏன்டி, ஃபெயிலாகணும்னு ஆசையா?"

கதவைத் திறந்து டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பட்டையைக் கீழே இறக்கினார். வேறொரு துடிப்பு கேட்டது, இதைவிட வேகமாக. பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. "பயப்பட ஒண்ணுமில்ல" என்று போய்விட்டார். இவ்வளவு நேரம் தவறான துடிப்பைக் கேட்டோம் என்று யாரும் சொல்லவில்லை.

"என்னமோ குடி முழுகின மாதிரி கூப்பாடு போட்டீங்களே, டாக்டரம்மா?" என்று சிஸ்டர் என்னைக் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், பாவம், நிம்மதியில்.

மத்தியானம் நான் உட்கார்ந்ததும் சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் காலியானது. வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொட்டினேன்.

"பெரியவங்ககிட்ட வம்பு எதுக்கு கண்ணு? தலையாட்டிட்டுப் போயேன்."

"மெஷின் எதைக் கேட்டுச்சுன்னு உனக்குப் புரியுதா இல்லையா?" என்று கத்தினேன்.

"புரியலம்மா" என்றாள். போனை வைத்தேன்.

சிஸ்டர் வாசலில் வந்து நின்றார். "இனிமே என்னைத் தாண்டி ஓடுவியா?"

ஒரு மன்னிப்பில் முடிகிற விஷயம். மேசையே என்னைப் பார்த்தது.

"முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன் சிஸ்டர். கேக்கலைன்னா ஓடுவேன்."

"அப்போ இந்த வார்டை மறுபடி முதல்லேருந்து செய்."

"செய்றேன் சிஸ்டர்."

கை கழுவப் போனேன். கூட யாரும் வரவில்லை.