நான் போட்ட ஓ பாசிட்டிவ்

எங்கள் சலவை நிலையத்துக்கு ஆஸ்பத்திரித் துணிதான் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்பு வரும். அதில் ஒன்றைக்கூடக் கையால் தொடாத ஆபீஸ் குமாஸ்தா நான்.

நாலு வருடம் முன்பு எல்லோருக்கும் அடையாள அட்டை போட்டுக் கொடுத்ததும் நான்தான். ரத்த வகைக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அட்டையை அச்சடிக்காது. பாதிப் பேருக்குத் தங்கள் ரத்தம் என்ன வகை என்றே தெரியாது. பரிசோதனைக்கு அனுப்ப எனக்குச் சோம்பல். மடிப்பு மேசையில் நிற்கும் அக்காவிடம் கேட்டேன்.

"சிவப்புன்னு போடுப்பா," என்றாள்.

அவளுக்கும் இன்னும் பதினோரு பேருக்கும் ஓ பாசிட்டிவ் என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஊரில் புதிதாக ஒரு வைரஸ் காய்ச்சல் பரவியபோது மேனேஜர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓ வகைக்காரர்களை இந்த வைரஸ் அவ்வளவாகப் படுத்தாமல் இருக்கலாம் என்று ஒரு செய்தி. இன்னும் உறுதியில்லை என்று கடைசி வரியில் இருந்தது. மேனேஜர் எதையும் கடைசி வரி வரைக்கும் படித்தவர் இல்லை.

"காய்ச்சல் வார்டுல துணி எடுக்க ஓ குரூப் ஆளுங்களா பாத்து லிஸ்ட் போடு," என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். லிஸ்டைப் போட்டுக் கொடுத்தேன். முதல் பெயர் அக்காவுடையது.

அவள் முகம் சுளிக்கவில்லை. "நம்ம ரத்தம் கெட்டி ரத்தமாம்ல," என்று மடிப்பு மேசை முழுக்கப் பெருமையடித்துவிட்டுக் கிளம்பினாள். பன்னிரண்டாம் நாள் படுத்துவிட்டாள். தினமும் துணி எடுத்த அதே வார்டில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு பதினெட்டு நாள். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். மூன்று வேளையும் சாப்பிட்டேன். நினைத்தாலே கூசுகிறது.

இன்று காலை அவள் திரும்பி வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். மூச்சு வாங்க என் மேசைக்கு வந்து நின்றாள்.

"தம்பி, ஓ ரத்தமா இருக்கப்போய்த்தான் பொழச்சேன். வேற எதுவாவது இருந்திருந்தா போய்ச் சேந்திருப்பேன்," என்றாள். "எனக்கு இனிமே மூட்டை தூக்க முடியாது. எம்பொண்ணுக்கும் ஓ-வாத்தானே இருக்கும்? என் இடத்துல அவளை வார்டுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். மேனேஜர்கிட்ட நீயே ஒரு வார்த்த சொல்லேன்."

அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது.

"அக்கா... அந்த ஓ நானே இஷ்டத்துக்குப் போட்டது."

"எது?"

"அட்டையில இருக்கறது. உங்களுக்குத் தெரியல. கட்டத்தைக் காலியா விட முடியல. நானா எதையோ போட்டுட்டேன். உங்களுக்கு மட்டுமில்ல, நெறைய பேருக்கு."

திட்டுவாள், அறைந்தாலும் அறைவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்தாள்.

"அப்ப இன்னிக்கு வார்டுக்குப் போயிருக்கறவங்க?" என்றாள்.

அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் அறையை நோக்கி நடந்தாள். இருபதடி தூரம்கூட இருக்காது. நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். நான் எழுந்து அவளை முந்திப் போயிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை.