கைக்குழித் துண்டு

ஜப்பான்காரன் வந்த பிறகு எங்கள் ரப்பர் தோட்டத்தில் குப்பை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. துணி கிடைக்காமல், கோணியைச் சுற்றிக்கொண்டு பாலுக்காக மரம் வெட்டப் போகிற காலம். என் கூடையில் தையல் மிச்சம் நிறையக் கிடந்ததால் லயத்து வீட்டுப் பெண்கள் என்னைப் பணக்காரி மாதிரி பார்த்தார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும்.

விரல் நீளம்கூட இல்லாதது விளக்குத் திரிக்கு. உள்ளங்கை அளவு இருந்தால், காலில் புண் வந்தவர்களுக்குக் கட்டுப்போட. அதற்கு மேல் இருப்பதை என் போர்வையில் ஒட்டுப்போடுவேன். நூல் ஏது? அன்னாசி நாரைத் திரித்துத்தான் தையல். எனக்குப் பத்தொன்பது வயதில் புருஷன் காய்ச்சலில் போனார். தையல் மெஷின் மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து நான் தனிக்கட்டை. போர்வை பெரிதாகிக்கொண்டே போனது, படுப்பதற்கு நான் ஒருத்திதான்.

அதில் பாதிக்கு மேல் நீலக்கோட்டுத் துணி. நாற்பத்தொன்று தீபாவளிக்குக் கங்காணி சிரம்பானிலிருந்து ஒரே பேலாக வாங்கி வந்து, எல்லா ஆம்பிளைக்கும் ஒரே மாதிரி சட்டை என்று என் தலையில் கட்டினார். முப்பத்திரண்டு சட்டை. பார்க்கிறவர்களுக்கு அதன் மிச்சமெல்லாம் ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை. சட்டையில் கை வைக்கும் இடத்தில், கைக்குழிக்காக வளைவாக வெட்டி விழும் துண்டைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடுவேன். முருகையாவுக்கு ரப்பர் பால் வாளி தூக்கித் தூக்கி இடது தோள் இறங்கியிருக்கும். அவர் துண்டு மற்றதைவிட ஒரு விரல் அகலம்.

அளவெடுத்த அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றார்.

“மூச்ச விடுங்கலா. அப்புறம் சட்ட பத்தாமப் போயிடும்.”

விட்டார். சிரித்தார். எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான். அவர் எங்கள் லயத்துச் செல்லத்தின் புருஷன். ஆனாலும் அந்தத் துண்டைப் போர்வையின் தலைமாட்டில், கன்னம் படுகிற இடத்தில் தைத்துக்கொண்டேன். வெட்கம் கெட்ட மனசு.

நாற்பத்துமூன்றில் ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றினார்கள். முருகையா அந்த நீலக்கோட்டுச் சட்டையோடுதான் ஏறினார். ஒன்றரை வருஷம் கழித்து, அவரோடு போன சன்னாசி மட்டும் காட்டு வழியாகத் தப்பி வந்தான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை. முருகையா காலராவில் போய்விட்டார், நானே குழியில் இறக்கினேன் என்றான்.

உடம்பு கிடைக்காத சாவுக்கு எங்கள் தோட்டத்தில் லாலான் புல்லால் ஆள் கட்டி, செத்தவர் துணியைச் சுற்றி எரிப்பார்கள். செல்லத்திடம் அவர் துணி ஏது? பழைய வேட்டியை அவளே கட்டிக் கிழித்தாயிற்று. கோணியைச் சுற்றிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

“மங்கம்மாக்கா, அவரு சட்டைல வெட்டுன துண்டு ஏதாச்சும் கெடக்கா? கொஞ்சம் பாத்துக் குடுங்கக்கா.”

கூடையைக் கவிழ்த்தேன். தேடுவதுபோல் பாவனை வேறு. அவர் துண்டு உள்ளே பாயில் கிடந்தது எனக்குத் தெரியாதா? கொடுக்க மனசு வரவில்லை. சன்னாசி சின்ன ஆள். அவன் துண்டு போர்வைக்குப் பத்தாமல் கூடையிலேயே கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். செல்லம் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

ஓடையோரம் கொள்ளி வைத்தபோது சன்னாசி எலும்பும் தோலுமாக என் பக்கத்தில் நின்றான். உயிரோடு நிற்கிறவனின் துணி அங்கே புகைந்துகொண்டிருந்தது. பெண்கள் செல்லத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்து அழுதார்கள். நான் எந்த உரிமையில் போய் உட்காருவது? ஓரமாக நின்றேன். சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை. போர்வையைச் சுருட்டிக்கொண்டு செல்லத்தின் வீட்டுக்குப் போனேன். அவள் எதிரிலேயே விரித்துப் போட்டு, தலைமாட்டுத் துண்டைப் பிரித்துக் கையில் கொடுத்தேன்.

“இதுதான் உன் புருசனோடது. அன்னிக்குக் குடுத்தது சன்னாசியோட துண்டு. தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

செல்லம் போர்வையில் விழுந்த ஓட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தலமாட்டுலயா வச்சிருந்தீங்க?”

“ஆமா.”

அறைவாள் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் துண்டை முகர்ந்து பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

“இது தைக்கறதுக்கு முன்ன வெட்டிப் போட்டதுதானே? அவரு ஒடம்புல ஒரு நாளும் பட்டதில்லையேக்கா.”

நான்தானே வெட்டினேன்.

“எரிச்சது எரிச்சதுதான். இத நீங்களே வச்சுக்கங்க. நான் அவரோட எட்டு வருசம் குடும்பம் பண்ணிருக்கேன். எனக்கு எதுக்குலா இது?”

கோபமாகச் சொன்னாளா, இரக்கப்பட்டுச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை. துண்டை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, மரவள்ளிக்கிழங்கை உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, பிரித்த இடத்திலேயே திரும்பத் தைத்தேன். அவர் மேல் ஒரு நாளும் படாத துணி. பட்டப்பகலிலேயே பாயை விரித்து, அந்தத் துண்டின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. வாய்விட்டே அழுதேன், கேட்க யாரும் இல்லை.