கல்லீரல் காட்டிய மரியாதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டுச் சரக்கு. கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, டீ ஆறுவதற்குள் அலுத்துக்கொண்டாள்: "மெஷினெல்லாம் பிரமாதம்டி. படுக்கிற ஆளு மூச்சு விடுறாரு பாரு, அதான் தலைவலி." அந்த வரியைச் சுட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: புரோட்டான் என்பது அணுக்கருவில் உள்ள நேர்மின்... (வேண்டாம். பரீட்சைக்குப் படித்த பாவம் போதும்.)

இரண்டாம் தொடக்கம்: அந்த அறையில் மரணத்தின் வாசனை... (பொய். ஏ.சி. குளிரும் கிருமிநாசினி வாசனையும்தான்.)

2

சரி, ஆட்கள். கதிர் எங்கே பாய வேண்டும், எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுபவள் பிசிக்ஸ்காரி. வீட்டில் முதல் பட்டதாரி. (அடக்கமானவளாக எழுதிப் பார்த்தேன். அவள் சம்மதிக்கவில்லை.)

மேசையில் படுத்திருப்பவர் அதிகாரிகளுக்குக் கார் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர். கல்லீரலில் கட்டி, ஒட்டினாற்போல் குடல். குடலில் கதிர் படக் கூடாது. புரோட்டான் கதிர் சொன்ன ஆழத்தைத் தாண்டாது. ஆனால் கட்டி மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். அதனால் எம்.ஆர்.ஐ. படம் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பே எடுத்த படத்தை வைத்து வரைந்த பச்சைக் கோட்டுக்குள் கட்டி இருந்தால்தான் கதிர் பாயும்.

இன்று முதல் சிகிச்சை. கட்டி கோட்டுப் பக்கமே வரவில்லை.

அவள் மைக்கில் கேட்டாள்: "ஐயா, படம் எடுத்த அன்னிக்கு விட்ட மாதிரியே மூச்சு விடுங்க."

"அதே மூச்சுதாம்மா. வேற மூச்சுக்கு நான் எங்க போவேன்?"

"அன்னிக்கு வயிறு இவ்வளவு ஏறலையே."

"அன்னிக்குப் பெரிய டாக்டர் பக்கத்துல நின்னாருல்ல. அவர் முன்னாடி புஸ்ஸு புஸ்ஸுன்னு விட முடியுமா? வண்டியிலயும் அப்படித்தான். பின்சீட்டுல ஆபீசர் இருந்தா டிரைவர் மூச்சு சத்தம் கேக்கக் கூடாது."

அவ்வளவு துல்லியமான படத்தில் மரியாதையைச் சுற்றித்தான் கோடு வரைந்திருக்கிறார்கள்.*

*சிரித்துக்கொண்டே எழுதினேன். திரும்பப் படித்தபோது பல்லைக் கடித்தேன்.

3

டெக்னீஷியன் வழி சொன்னார்: "பெரிய டாக்டரை மைக்குல ஒரு தடவை இருமச் சொல்லுங்க மேடம். கட்டி தானா உள்ள வந்துரும்."

வரும். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

முடிவு ஒன்று: டாக்டர் இருமினார். கட்டி விறைப்பாக வந்து நின்றது. கதிர் பாய்ந்தது. டிரைவர் குண... (அடித்துவிட்டேன். மனுஷர் தினமும் பயந்து பயந்தா குணமாக வேண்டும்?)

அதனால் அவளைப் பெரிய டாக்டருக்குப் போன் போட வைத்தேன்.

"சார், மறுபடி படம் எடுக்கணும். நீங்க உள்ள வரக் கூடாது."

"ஏம்மா, நான் என்ன பேயா?"

"பேயைப் பார்த்தா கத்தவாவது செய்வாங்க சார்."

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: "புதுப் படம், புதுக் கணக்கு. ஒரு வாரம் தள்ளும். ஏற்கனவே லேட். அதுவரைக்கும் கட்டி வளராம இருக்கும்னு நீ உறுதி குடுப்பியா?"

(அவரை வில்லனாக்கத்தான் ஆசை. கேள்வி நியாயமாக இருந்து தொலைக்கிறது.)

4

இதுவரை யாரும் கேட்காத ஆளிடம் அவள் கேட்டாள். ஒரு வாரம் தள்ளினால் என்ன ஆபத்து, இன்றே செய்தால் என்ன சிரமம் என்று மைக்கில் ஒளிக்காமல் விளக்கிவிட்டு, "நீங்க என்னய்யா சொல்றீங்க?" என்றாள்.

"நீங்க படிச்சவங்க. நீங்க சொல்றபடி செய்யறேம்மா."

சொல்லிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டார். திரையில் கட்டி மெல்ல நகர்ந்து பச்சைக் கோட்டுக்குள் வந்து நின்றது.

பெரிய டாக்டருக்காக இல்லை. அவளுக்காக.

அவள் வீட்டில் எல்லோரும் யாருக்காகவாவது மூச்சை அடக்கியவர்கள்தான். அவளுக்காக ஒருவர் அடக்குவது இதுவே முதல் தடவை. விரல் கதிரைப் பாய்ச்சும் பொத்தான் மேல் இருக்கிறது.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். நீங்களே பொத்தானை அழுத்துங்கள். இல்லையென்றால் மைக்கை எடுத்து அவரிடம் ஏதாவது சொல்லுங்கள். எதுவானாலும் சீக்கிரம். அவர் இன்னும் மூச்சு விடவில்லை.